தரை காயும்வரை

பழுகாமம்
11.02.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் நிதியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகு நோவு எப்படி? அன்னப்பூரணி மச்சிக்குச் சீனி வருத்தம் கூடிவிட்டது என்று நம் கடிதம் கொண்டுபோகிற நல்லரத்தினம் மாஸ்டர் சொன்னார். சர்க்கரைப் பாணி காய்ச்சினால் ருசி பார்க்கிற பழக்கத்தை விடச் சொல்லுங்கள்.

இங்கே வெள்ளாமை வெட்டு முடிந்துவிட்டது. நெல் வாங்க வந்த களுவாஞ்சிகுடி சீனித்தம்பி நம் வீட்டை விலைக்குக் கேட்கிறார். நெல் மூட்டை அடுக்க அவருக்கு இந்தப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டுமாம். மண் தரை, பூசாத சுவர் என்று குறை சொல்லிக் குறைத்துத்தான் கேட்கிறார். ஆனாலும் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். நிதியின் அப்பா செத்து இரண்டு வருசமாகிறது. நானும் பிள்ளையும் தனியாக இங்கே இருந்து என்ன செய்வது? உங்கள் பக்கத்தில் ஓலைக் கொட்டிலோடு ஒரு சின்ன வளவு கிடைத்தாலும் போதும்.

நிதிக்கு வருகிற மாசம் பதினைந்து வயது முடிகிறது. இப்போது என்னைவிட உயரம். கெதியாக ஒரு முடிவு சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
சீதேவிப்பிள்ளை

*

ஆரையம்பதி
19.02.2001

அன்புத் தங்கச்சி,

கடிதம் கிடைத்தது. என் முதுகு சாந்துச் சட்டி தூக்குகிற அளவுக்குத் தேறிவிட்டது. மச்சி குளிசை போடுகிறாள், பாணியும் ருசி பார்க்கிறாள்.

சீனித்தம்பிக்குக் கொடுக்காதே. நான் முப்பது வருசமாக மேசன் வேலை செய்கிறேன். வீடு வாங்க வருகிறவன் முதலில் தன் கால் படுகிற இடத்தைத்தான் பார்ப்பான். பிறகு கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பான். கூரையை அண்ணாந்து பார்ப்பது அதற்கும் பிறகு. கோணாமலை மச்சான் உயிரோடு இருந்தபோது அந்த வீட்டுக்குக் கருங்கல்லில் அத்திவாரம் போட்டவர். நூல் பிடித்தது நான். ஓட்டுக் கூரை, ஆறு தென்னை, உப்பில்லாத தண்ணீர். அப்படிப்பட்ட வீட்டை மண் தரை என்று குறை சொல்லிப் பாதி விலைக்குக் கேட்கிறான். அந்தக் குறையை நாம் தீர்த்துவிட்டால் அவன் வாய் அடைத்துப்போகும். தரைக்குச் சீமெந்து போட வேண்டும், கிணற்றுக்குக் கட்டு வேண்டும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். காணி உறுதியில் உன் பெயர் சரியாக இருக்கிறதா என்றும் எடுத்துப் பார். நல்ல விலைக்கு விற்றால் இங்கே என் வேலியோரத்தில் கல் வீடாகவே வாங்கலாம்.

இன்னொன்று. இனிக் கடித உறையை ஒட்டாதே. வாவிப் பாலத்தில் ஆமிக்காரரும் பிரிக்கிறார்களாம், உங்கள் கரைக் காவல் சென்றியில் இயக்கப் பொடியன்மாரும் பிரிக்கிறார்களாம். மாஸ்டர் அங்கே படிப்பிக்கப் போய் வருகிற மனுசன். நம்மால் அவருக்குக் கரைச்சல் வரக்கூடாது. வீட்டு விசயம் மட்டும் எழுது.

அண்ணன்,
அழகரத்தினம்

*

பழுகாமம்
10.03.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சுகம் கேட்டுச் சந்தோசம். வீட்டு விசயம் மட்டும் எழுதச் சொன்னீர்கள். அப்படியே எழுதுகிறேன்.

வீடு நன்றாக இருக்கிறது. முன் வீட்டு வினாயகமூர்த்தி அண்ணனின் மகள் யோகமலர் இப்போது அவர்கள் வீட்டில் இல்லை. போன கிழமையிலிருந்து இல்லை. தாய்க்காரி சாப்பிடுவதில்லை. நிதியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். அவள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள்.

அண்ணன், நான் ஒன்று கேட்கிறேன். விலை கிடக்கட்டும். நானும் நிதியும் முதலில் வந்து உங்கள் குசினியில், அடுப்போரப் பத்தியில் படுத்துக்கொள்கிறோம். வீட்டைப் பூட்டித் திறப்பை வினாயகமூர்த்தி அண்ணனிடம் கொடுத்துவிடலாம். விற்கிறபோது விற்கட்டும். மச்சிக்கு நாங்கள் பாரமாக இருக்கமாட்டோம். நான் அவல் இடித்து விற்பேன்.

சீதேவி

*

ஆரையம்பதி
22.03.2001

அன்புத் தங்கச்சி,

நாங்கள் இருவரும் சுகம்.

நீ சொல்வது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அவசரப்படாதே. ஆளில்லாத வீட்டை எவன் மதிப்பான்? ஒரு மாரி போதும், ஓடு கழன்று, கறையான் ஏறி, கதவு நிலையையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். குடியிருக்கிறவள் விளக்குக் கொளுத்தி வைத்திருக்கும் வீட்டுக்குத்தான் விலை. நீ அங்கே இருப்பதுதான் அந்த வீட்டின் பெறுமதி. என் பத்தியோ மழைக்கு ஒழுகுகிறது, வயசுக்கு வந்த பிள்ளையை அதில் எப்படிப் படுக்க வைப்பது?

பள்ளிக்கூடத்தை ஏன் நிறுத்தினாய்? அடுத்த வருசம் சோதனை. உன் வீடு ஒற்றைப் பிள்ளை வீடு, தகப்பனும் இல்லாத வீடு. ஒன்றும் நடக்காது. வீண் பயம் பயப்படாதே.

சீமெந்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இயக்கத்துக்குப் பதுங்குகுழிப் பங்கர் கட்டப் போய்விடும் என்று பாலத்தில் ஒரு பேணி சீமெந்துகூட விடமாட்டார்களே. கிராம சேவகரின் கடிதம், ஆமி முகாமின் கடிதம் எல்லாம் வேண்டும். ஆறு பை கேட்டிருக்கிறேன். நானே வந்து போட்டுத்தர ஆசைதான். போன வருசம் பாலத்தில் என்னை ஒரு பகல் முழுக்க வெயிலில் இருத்தி வைத்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் பாலத்துப் பக்கமே போவதில்லை. உள்ளூர் மேசனை வைத்துச் செய். சீமெந்து வரும்வரை கிணற்றையும் சுவரையும் பார்.

அழகரத்தினம்

*

பழுகாமம்
27.05.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்குக் கதவு திறந்துவிட்டார்கள். உங்களுக்கும் மச்சிக்கும் சேர்த்து நேர்ந்துகொண்டேன்.

கிணற்றைச் சுற்றிக் கல் அடுக்கிக் களிமண் வைத்துக் கட்டியாகிவிட்டது. சிப்பிச் சுண்ணாம்பு வாங்கி ஊறவைத்து நானும் நிதியுமே அடித்தோம். முன் சுவர் மூன்று பூச்சு. தூரத்திலிருந்து பார்த்தால் வேறு யாருடைய வீடோ என்று இருக்கிறது.

அடித்துக்கொண்டிருக்கும்போது நிதி கேட்டாள். "அம்மா, மாமா நம்மள வரச்சொல்லி எழுதினாரா?"

"சீமெந்து வரட்டுமாம் மனே," என்றேன்.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின் சுவருக்குப் போய்விட்டாள்.

இந்த ஊரில் இப்போது ஒரே கலியாணமாக இருக்கிறது. பத்தாம் ஆண்டு படித்த பிள்ளைகள்கூடத் தாலியோடு திரிகிறார்கள். உங்கள் பக்கம் குடிக்காத பொடியன் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சீதனம் இந்த வீடுதான். வயசைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

சீதேவி

*

ஆரையம்பதி
03.08.2001

தங்கச்சி,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் வைகாசிக் கடிதத்துக்குக் கோபத்தில் பதில் எழுதவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தாலியா? மச்சான் இருந்தால் இப்படிப் பேசுவாயா? அந்தப் பேச்சை விடு.

சீமெந்து கிடைத்துவிட்டது. ஆறு பையும் மாஸ்டருக்குத் தெரிந்த உழவு மிசினில் வருகிறது. கிராம சேவகரின் கடிதத்தைக் கையோடு வைத்துக்கொள், இயக்கம் கேட்டாலும் காட்டு. ஆற்று மண்ணைச் சல்லடையில் அரித்து எடுக்கச் சொல். கடற்கரை மண் கலந்தால் உப்புப் பூத்துவிடும். தரை போட்டதும் ஏழு நாள் சாக்கை நனைத்து விரித்து வைக்க வேண்டும். அதுவரை ஒருவரும் மிதிக்கக்கூடாது. அந்த ஏழு நாளில்தான் தரையின் ஆயுசு இருக்கிறது.

அழகரத்தினம்

*

பழுகாமம்
20.08.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

மச்சிக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று மாஸ்டர் சொன்னார். வற்றியதா?

தரை போட்டாயிற்று. நீங்கள் சொன்னபடியே ஏழு நாளும் சாக்கு விரித்தோம். நிதிதான் காலையும் பின்னேரமும் தண்ணீர் தெளித்தாள். நாங்கள் குசினிக்குள் படுத்தோம். நேற்றுச் சாக்கை எடுத்தோம். வெடிப்பில்லை. முகம் பார்க்கலாம் போல் இருக்கிறது.

நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டேன். இனி நாங்கள் வரலாமா?

சீதேவி

*

ஆரையம்பதி
02.09.2001

அன்புத் தங்கச்சி,

கடிதத்தைப் படித்து எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா? பார்த்தாயா, பொறுத்தால் எல்லாம் நடக்கும்.

இன்னும் ஒரு மாசம். சீனித்தம்பி கொழும்புக்கு நெல் ஏற்றிப் போயிருக்கிறான். திரும்பி வந்ததும் தரையைப் பார்க்க அனுப்புகிறேன். அவன் வருகிற நாளில் வாசலைக் கூட்டி, வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டு வை. நீ அங்கே நின்று வீட்டைக் காட்டினால்தான் எடுப்பு. விலை பேசி முடிந்த அடுத்த நாளே புறப்படலாம். இவ்வளவு நாள் இருந்தவள் ஒரு மாசம் இருக்கமாட்டாயா?

மச்சியின் கால் வீக்கம் வற்றிவிட்டது. நிதிக்குப் புதுச் சட்டைத் துணி எடுத்து வைத்திருக்கிறாள்.

அழகரத்தினம்

*

ஆரையம்பதி
20.10.2001

தங்கச்சி,

இரண்டு கிழமைக்கு முன் எழுதி அனுப்பிய துண்டு கிடைத்ததா? பதிலே இல்லை. மாஸ்டரும் பாலம் தாண்டவில்லை, அவருக்கு வாந்திபேதி. இதை அவருடைய பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவரிடம் கொடுக்கிறேன்.

நல்ல செய்தி. சீனித்தம்பியிடம் தரையைப் பற்றிச் சொன்னேன். முன்பு கேட்டதைப்போல் இரண்டு மடங்கு தருகிறேன் என்று வாயாலேயே சொல்லிவிட்டான். தீபாவளிக்கு முன் உறுதி எழுதலாமாம். என் வீட்டுக்கு நாலாவது வளவு, கல் வீடு, பேசி வைத்திருக்கிறேன். நிதிக்குத் தனி அறை. கையெழுத்துப் போட ஒரு நாள் சொல்.

ஏன் எழுதாமல் இருக்கிறாய்? என்மேல் கோபமா? மச்சி தினமும் கேட்கிறாள்.

அழகரத்தினம்

*

பழுகாமம்
25.11.2001

அண்ணன்,

உங்கள் கடிதங்கள் கிடைத்தன. இந்தக் கடிதத்தை யார் பிரித்துப் படித்தாலும் இனி எனக்கு ஒன்றுமில்லை. படிக்கட்டும்.

நிதி இல்லை. ஒக்டோபர் நாலாம் தேதி காலை பத்து மணிக்கு இயக்கம் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இந்த இரண்டு வரியை எழுத எனக்கு ஐம்பது நாள் எடுத்தது. நானே எழுதும்வரை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று மாஸ்டரிடமும் கேட்டுக்கொண்டேன். பேனாவை எடுத்தால் கை விறைத்துப்போகும். அழுகைகூட வரவில்லை. வினாயகமூர்த்தி அண்ணனின் பெண்சாதிதான் வந்து என்னைக் குளிக்க வைக்கிறா.

அன்றைக்கு நான் குசினியில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நிதி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். இயக்கத்து வரிச் சட்டை, கட்டையாக வெட்டிய தலைமயிர். ஒருத்தி யோகமலர். மாசி மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளைப் பார்க்கிறேன். "மாமி" என்று கூப்பிட்டுக்கொண்டு விறாந்தையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மற்றவளையும் பார்த்து, "செருப்பக் கழட்டு, புதுத் தரை," என்றாள். இருவரும் தரையில் இருந்தார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்கள். அந்த நேரமும் எனக்கு விளங்கவில்லை அண்ணன். பிள்ளை தாய் தகப்பனைப் பார்க்க வந்தவள் நம்மையும் பார்த்துவிட்டுப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

யோகமலர் தரையைக் கையால் தடவினாள். "நல்லா வந்திரிக்கு மாமி," என்றாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "நீங்க அந்தப் பக்கம் போயிட்டயள் எண்டுதான் நினைச்சிருந்தன். பேர் எழுதின தாளப் பாத்தாப் பொறகுதான் இஞ்சயே இரிக்கிறது தெரியும். ஏன் மாமி போகல்ல?"

"வீடு விக்கல்ல மனே," என்றேன்.

"வீட்டுக்கு ஒராள் இயக்கத்துக்கு வரணும் மாமி. நான் வராட்டி வேற ஆக்கள் வருவாங்க."

நிதி விளக்குமாற்றைப் பிடித்தபடி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நின்றேன். யோகமலரின் காலைப் பிடித்தேன். "எழும்புங்க மாமி, எழும்புங்க," என்று அவள் என்னைத் தூக்கினாள். மற்றவள்தான் நிதியைப் பிடித்தாள். நிதி கத்தவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வரட்டுமா என்று மட்டும் கேட்டாள். விடவில்லை. வீட்டில் போடுகிற கிழிந்த சட்டையோடு சைக்கிளில் ஏற்றினார்கள்.

தெரு ஒழுங்கை முடியும்வரை பின்னால் ஓடினேன். வினாயகமூர்த்தி அண்ணனும் பெண்சாதியும் வேலிக்குள் நின்று தங்கள் பிள்ளையைப் பார்த்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

தாலி கட்டிய பிள்ளையைத் தொடமாட்டார்கள் என்றுதான் வைகாசியில் அப்படி எழுதினேன். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தையில் கேட்டேன், மாசியில் கேட்டேன், ஆவணியில் கேட்டேன். கேட்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

சீனித்தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சீதேவி

*

ஆரையம்பதி
02.12.2001

தங்கச்சி,

சுகம் கேட்க எனக்கு வாயில்லை.

உன் கடிதத்தை மாஸ்டர் நான் வேலை செய்கிற இடத்துக்கே கொண்டுவந்து தந்தார். காத்தான்குடியில் சரீப் காக்காவின் வீட்டுக்கு விறாந்தைத் தரை போட்டுக்கொண்டிருந்தேன். வாசித்தேன். பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. "மேசன், கலவை இறுகுது, மேசன்," என்று அவர் மூன்று நாலு தரம் கூப்பிட்டாராம். நான் கரண்டியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேனாம். கடைசியில் அந்த மனுசன் உடுத்திருந்த சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கலவையை இழுத்துப் போட்டார். எனக்குப் பச்சைத் தண்ணீர் தந்து பஸ் ஏற்றி விட்டார்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். ஒவ்வொன்றிலும் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று எழுதமாட்டேன். தெரியும். சந்தையில் பேசினார்கள், பஸ்ஸில் பேசினார்கள். ஆவணியில் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அழகரத்தினம், விலையப் பாக்காதயும். தங்கச்சியக் கெதியாக் கூப்பிடும்," என்றார். "தரை காயட்டும் மாஸ்டர்," என்று நான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். ஒற்றைப் பிள்ளை வீட்டில் கை வைக்கமாட்டார்கள் என்று நம்பினேன். இல்லை, விலை கூடும்வரை காத்திருக்க வசதியாக அப்படி நம்பினேன்.

அன்னப்பூரணி என்னோடு பேசுவதில்லை. நிதிக்கு எடுத்த துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

நேற்றுப் பாலத்துக்கு வந்தேன். பாஸ் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். பின்னேரம்வரை மழையில் நின்று உங்கள் கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நான் என்ன செய்ய வேண்டும்? இந்தத் தரம் நீ சொல். நான் கேட்கிறேன்.

அழகரத்தினம்

*

பழுகாமம்
28.04.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

மச்சியும் நீங்களும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு மாரியில் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. ஐந்து மாசமாக உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் பேனாவில் என்ன வருமோ என்று பயந்தேன்.

சண்டை நின்று பாலம் திறந்ததிலிருந்து இந்த ஊர் தலைகீழாகிவிட்டது. பஸ் ஓடுகிறது. சீமெந்து லொறி லொறியாக வருகிறது, ஒருவரும் கடிதம் கேட்பதில்லை. காணி பார்க்க ஆட்கள் காரில் வருகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை சீனித்தம்பியும் வந்தார். நீங்கள் சொன்னது சரிதான், கால் வைத்ததும் தரையைத்தான் பார்த்தார். பிறகு கிணற்றை எட்டிப் பார்த்தார். போன வருசம் கேட்டதைப்போல் மூன்று மடங்கு தருகிறேன் என்றார். நான் மறுத்துத் தலையாட்டினேன். விலை காணாது என்று நினைத்தாராக்கும். சிரித்துக்கொண்டு, "உங்கட அண்ணன் கெட்டிக்காரன் கா. அண்டைக்கே வித்திருந்தா எவ்வளவு நட்டம்," என்றார்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பாவம், ஒன்றும் தெரியாது. "வீடு விக்கிறதுக்கில்ல," என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். கடைசியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். சில பிள்ளைகள் தப்பி வருகிறார்கள் அண்ணன். நிதி வந்தால் அவளுக்குத் தெரிந்த வீட்டில் நான் இருக்க வேண்டும்.

நிதியைப் பார்த்தேன். சித்திரை வருசம் முடிந்து மூன்றாம் நாள் பிள்ளைகளைப் பார்க்கத் தாய்மாரை விட்டார்கள். ஒரு பள்ளிக்கூட மைதானம். அரை மணித்தியாலம். நான் பின்னிவிட்ட தலை இல்லை. கறுத்துப்போய், தோள் எலும்பு தெரிகிறது. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் பிள்ளையைக் கடந்து பத்தடி போய்விட்டேன். அவள்தான், "அம்மா, இஞ்ச," என்றாள்.

சாப்பாடு வயிற்றுக்குக் காணும் என்றாள். காலில் ஒரு புண். அதைக் கேட்டதற்கு முள் என்றாள். கொண்டுபோன பலகாரத்தை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டாள். விசில் அடித்ததும் எழும்பினவள், போகிற நேரத்தில் உங்களைப் பற்றி ஒன்று கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான். அதை நான் எழுதமாட்டேன்.

"மாமாவுக்கு ஒண்டும் தெரியாது மனே," என்றேன். நீங்கள் எழுதியதற்கு மாறாகச் சொல்லிவிட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். வைகாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் விடுவார்களாம். மாமன்மாரும் வரலாமாம். இப்போது பாலத்தில் பாஸ் கேட்பதில்லை. நீங்கள் வாருங்கள். அவள் கேட்டதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

தங்கச்சி,
சீதேவிப்பிள்ளை